மார்ஷல்

மார்ஷல் என்பது ஐரோப்பாவில் தோன்றி உலகெங்கும் பரவிய பட்டம். பல நாடுகளில் தரைப்படையின் ஆக உயர்ந்த பதவியை இது குறிக்கிறது. ‘ஃபீல்டு மார்ஷல்’ என்பது அதன் இன்னொரு வடிவம். அரசவைச் சடங்குகளை நடத்துபவர், நாடாளுமன்றத்தில் ஒழுங்கு காப்பவர், நீதிமன்ற ஆணையை நிறைவேற்றுபவர் ஆகியோருக்கும் இதே பட்டம் வழங்குகிறது. இராணுவச் சட்டத்தைக் குறிக்கும் ‘மார்ஷல் லா’ என்ற தொடரில் வருவது வேறு சொல். அது ரோமானியப் போர்க்கடவுளான மார்ஸின் பெயரிலிருந்து வந்தது. தமிழ் எழுத்தில் மட்டுமே இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன.

தோற்றம்

பழைய ஜெர்மானிய மொழிகளில் குதிரையையும் பணியாளையும் குறித்த இரு சொற்கள் சேர்ந்து பிறந்தது இப்பெயர். இடைக்கால இலத்தீனில் ‘மாரிஸ்கால்கஸ்’ என்றும் பிரெஞ்சில் ‘மரேஷால்’ என்றும் ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. ஜெர்மானியக் குடிகளில் ஒன்றான அலமான்னியரின் பழஞ்சட்டம், பன்னிரண்டு குதிரைகளைக் கவனிக்கும் மார்ஷலைக் கொன்றவன் நாற்பது சாலிடஸ் நாணயம் தண்டம் கட்ட வேண்டும் என்கிறது. லாயத்து வேலையாள்தான் என்றாலும், உயிருக்குத் தனி விலை குறிக்கும் அளவுக்கு அவன் தேவைப்பட்டவனாக இருந்திருக்கிறான்.

பிராங்கு அரசர்களின் அவையில் லாயத்துக்குத் தலைவராக ஒரு பிரபு இருந்தார். ‘லாயத்தின் பிரபு’ என்ற பொருள்கொண்ட இலத்தீன் தொடரே பின்னாளில் ‘கான்ஸ்டபிள்’ ஆயிற்று. மார்ஷல்கள் அவருக்குக் கீழே பணியாற்றினார்கள். குதிரைவீரர்களே படையின் முதுகெலும்பாக இருந்த காலத்தில், குதிரைகளைப் பராமரிப்பவரிடம் தீவனம், பயணம், பாசறை எல்லாம் தாமாக வந்து சேர்ந்தன. எந்தப் பிரிவு முன்னே செல்வது, எங்கே கூடாரம் அடிப்பது, போர்க்களத்தில் யார் எந்த வரிசையில் நிற்பது என்பவற்றை அவர் முடிவு செய்தார். பாசறையில் திருட்டும் சண்டையும் நடந்தால் விசாரித்துத் தண்டிப்பதும் அவர் பொறுப்பாயிற்று.

மார்ஷல் பட்டத்தின் பிற்கால வரலாறு முழுவதும் இந்த இரண்டு வேலைகளிலிருந்து கிளைத்தது. போர் வரிசையை அமைத்த வேலை படைத்தலைமையாக உயர்ந்தது. பாசறை ஒழுங்கைக் காத்த வேலை காவல், நீதி, அவை நிர்வாகம் எனப் பிரிந்தது.

பிரான்ஸ்

‘பிரான்ஸின் மார்ஷல்’ என்ற பதவி 1185-இல் இரண்டாம் ஃபிலிப் அரசரின் காலத்தில் தொடங்கியதாகக் கொள்ளப்படுகிறது. முதலாமவர் அல்பெரிக் கிளெமான். மூன்றாம் சிலுவைப்போரில், 1191-இல் ஆக்ரே கோட்டை முற்றுகையின்போது மதில் ஏறிப் போரிட்டு மாண்டார். அப்போதும் மார்ஷலுக்கு மேலே கான்ஸ்டபிள் இருந்தார். அந்தப் பெரும்பதவியில் இருப்பவர் அரசருக்கே போட்டியாகக்கூடும் என்ற நிலையில், பதின்மூன்றாம் லூயியின் அமைச்சரான ரிஷ்லியூ 1627-இல் அதை ஒழித்தார். மார்ஷல்கள் படையின் உச்சிக்கு வந்தார்கள். ஒரே லாயத்தில் பிறந்த இரு பட்டங்களில் கீழே இருந்தது மேலேறியது. மேலே இருந்த கான்ஸ்டபிள் பட்டமோ, ஆங்கிலேயர் வழியாக நம் ஊர்க் காவல் நிலையத்தின் கடைநிலைக் காவலர்வரை இறங்கி வந்தது.

பட்டத்தின் பழைய அடையாளங்கள் பிரெஞ்சு மொழியில் இன்னும் அழியவில்லை. குதிரைக்கு லாடம் கட்டும் கொல்லருக்கும், குதிரைப்படையின் சார்ஜெண்டுக்கும் ‘மரேஷால்’ சேர்ந்த பெயர்களே வழங்குகின்றன. மார்ஷல்களின் கீழ் ஊர்க்காவல் செய்த ‘மரேஷோசே’ என்ற குதிரைக் காவல்படை, புரட்சிக்குப் பின் 1791-இல் ஜாந்தார்மெரி ஆயிற்று. அதே பழம்பெயரை நெதர்லாந்தின் இராணுவக் காவல்படை இன்றும் வைத்திருக்கிறது.

புரட்சி அரசு 1793-இல் மார்ஷல் பட்டத்தை நீக்கியது. பேரரசர் ஆன நெப்போலியன் 1804 மே 19 அன்று பதினெட்டுப் பேருக்கு அதை மீண்டும் வழங்கினார். அவர் காலத்தில் பட்டம் பெற்றோர் மொத்தம் 26 பேர். அவர்களின் முடிவுகள் பலவாறாக அமைந்தன. பெர்னதோத் 1818-இல் ஸ்வீடனின் அரசர் ஆனார். இன்றைய ஸ்வீடிஷ் அரச குடும்பம் அவர் வழி வந்தது. முராத் நேப்பிள்ஸை ஆண்டு, 1815-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். நேயும் அதே ஆண்டு டிசம்பரில் பாரிஸில் சுடப்பட்டார். போலந்து இளவரசர் பொனியாத்தோவ்ஸ்கி 1813 அக்டோபரில் லைப்சிக் போர்க்களத்தில் பட்டம் பெற்று, மூன்றாம் நாள் எல்ஸ்டர் ஆற்றில் மூழ்கி இறந்தார்.

முதல் உலகப் போரில் ஜோஃப்ர், ஃபோஷ், பெதான் ஆகியோர் மார்ஷல் ஆனார்கள். இவர்களில் பெதான், 1940-க்குப் பின் ஜெர்மனியோடு ஒத்துழைத்த விஷி அரசின் தலைவராக இருந்து, 1945-இல் மரண தண்டனை விதிக்கப்பட்டு, அது ஆயுள் சிறையாகக் குறைக்கப்பட்டவர். 1952-இல் பட்டம் பெற்ற ஜுவென் 1967-இல் காலமானதோடு, பிரான்ஸில் உயிருடன் இருந்த மார்ஷல்களின் வரிசை முடிந்தது. கடைசியாகப் பட்டம் பெற்ற கோனிக்குக்கு அது 1984-இல், இறந்த பின் வழங்கப்பட்டது. பிரெஞ்சுச் சட்டப்படி மார்ஷல் என்பது படைப்பதவி ஆகாது. அரசு அளிக்கும் பெருமதிப்பு.

இங்கிலாந்து

இங்கிலாந்தில் இப்பதவி ஒரு குடும்பத்தின் பரம்பரை உரிமையாகி, அதன் பெயராகவே ஆயிற்று. அக்குடும்பத்தின் வில்லியம் மார்ஷல், தம் காலத்தின் தலைசிறந்த குதிரைவீரர். சிறுவனாக இருந்த மூன்றாம் ஹென்றிக்காக ஆட்சிப் பொறுப்பை ஏற்று, எழுபது வயதைத் தாண்டிய நிலையில் 1217-இல் லிங்கன் போரில் வென்றார். அரசவைப் பதவி பின்னர் ‘ஏர்ல் மார்ஷல்’ எனப்பட்டது. 1672 முதல் அது நார்ஃபோக் டியூக்குகளிடம் பரம்பரையாக இருக்கிறது. முடிசூட்டு விழாவையும் அரச இறுதிச் சடங்கையும் நடத்துவது ஏர்ல் மார்ஷலின் பணி. 2022-இல் இரண்டாம் எலிசபெத்தின் இறுதிச் சடங்கையும் 2023-இல் மூன்றாம் சார்லஸின் முடிசூட்டையும் ஏற்பாடு செய்தவர் இவரே. அரசவை மார்ஷலின் நீதிமன்றத்தோடு இணைந்திருந்த மார்ஷல்சீ சிறை, லண்டனில் கடனாளிகளை அடைத்த இடமாகப் பேர்பெற்றது. எழுத்தாளர் டிக்கன்ஸின் தந்தை 1824-இல் அங்கே அடைபட்டார்.

படைப்பட்டமான ஃபீல்டு மார்ஷல், பிரிட்டனில் மிகப் பின்னால் வந்தது. ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து வந்த அரச குடும்பத்தைச் சேர்ந்த இரண்டாம் ஜார்ஜ், 1736-இல் அதை ஏற்படுத்தினார். 1813 ஜூனில் ஸ்பெயினின் விட்டோரியா போரில், தோற்ற பிரெஞ்சு மார்ஷல் ஜூர்தானின் கோல் பிரிட்டிஷ் படையின் கையில் சிக்கியது. வெலிங்டன் அதை லண்டனுக்கு அனுப்பிவைக்க, பதிலுக்கு அவரை ஃபீல்டு மார்ஷல் ஆக்கினார் பட்டத்து இளவரசர். மார்ஷலின் அடையாளம் அந்தச் சிறு கோல்தான். வெல்வெட் போர்த்தி, ஆட்சிக்கு ஏற்ற சின்னம் பதித்துச் செய்வது வழக்கம். பிரான்ஸில் போர்பன் அரசர்கள் லில்லி மலரையும், நெப்போலியன் கழுகையும், குடியரசு நட்சத்திரத்தையும் பதித்தார்கள்.

ஜெர்மனியும் ரஷ்யாவும்

புனித ரோமானியப் பேரரசில் சாக்சனியின் அதிபதி ‘தலைமை மார்ஷல்’ பதவியை வகித்தார். 1356-இல் வெளியான தங்க ஆணை அவருடைய சடங்குக் கடமையை வரையறுக்கிறது. அவர் ஏறியுள்ள குதிரையின் மார்பளவுக்கு ஓட்ஸ் தானியத்தைக் குவிக்க வேண்டும். அவர் வெள்ளிப் படியால் அதில் ஒரு படி அள்ள வேண்டும். லாயத்தில் தீவனம் அளந்த வேலை, ஒரு நாட்டை ஆண்டவரின் கௌரவமாக இங்கே நின்றது.

பிற்கால ஜெர்மனியில் ஃபீல்டு மார்ஷல் பட்டம் போர் வெற்றிக்கான பரிசாக இருந்தது. ஹிட்லர் அதைத் தளபதிகளைத் தம்மோடு கட்டிவைக்கும் கருவியாக்கினார். பிரான்ஸ் வீழ்ந்ததும் 1940 ஜூலை 19 அன்று ஒரே நாளில் பன்னிரண்டு பேருக்கு வழங்கினார். ஸ்டாலின்கிராடில் முற்றுகையில் சிக்கியிருந்த பவுலஸுக்கு 1943 ஜனவரி 30 அன்று பட்டம் அளித்தார். ஜெர்மன் ஃபீல்டு மார்ஷல் எவரும் சரணடைவதில்லை என்பது ஹிட்லரின் எண்ணம். ஆகவே பவுலஸ் தற்கொலை செய்துகொள்வார் என்பது அவர் கணக்கு. மறுநாளே பவுலஸ் சோவியத் படையிடம் சிறைப்பட்டார்.

ரஷ்யாவில் பட்டத்தைக் கொண்டுவந்தவர் மகா பீட்டர். போரொதினோ போருக்காக 1812-இல் குத்தூசவ் அதைப் பெற்றார். 1917 புரட்சி பழைய பட்டங்களை ஒழித்தாலும், ஸ்டாலின் 1935-இல் ‘சோவியத் ஒன்றியத்தின் மார்ஷல்’ பட்டத்தை உருவாக்கி ஐவருக்கு அளித்தார். நான்கு ஆண்டுகளுக்குள் அவர்களில் மூவர் ஸ்டாலினின் களையெடுப்பில் இறந்தனர்: துகாசெவ்ஸ்கியும் யெகோரவும் சுடப்பட்டார்கள், புளூகர் சிறையில் மாண்டார். பின்னாளில் கட்சித் தலைவர் பிரெஷ்னேவும் 1976-இல் தமக்கு அப்பட்டத்தைச் சூட்டிக்கொண்டார்.

பிற நாடுகள்

விடுதலைப் போரையோ உள்நாட்டுப் போரையோ வென்ற தலைவர்களுக்குப் புதிய அரசுகள் இப்பட்டத்தை வழங்கின. போலந்தில் பில்சுத்ஸ்கி (1920), துருக்கியில் முஸ்தபா கெமால் (1921), யூகோஸ்லாவியாவில் டிட்டோ (1943) ஆகியோர் இவ்வகையினர். பின்லாந்து, தன் படைத்தலைவர் மன்னர்ஹைமின் 75-ஆம் பிறந்தநாளன்று, 1942-இல் அவருக்கு வழங்கியது. சீனா 1955-இல் பத்துப் பேரை மார்ஷல் ஆக்கி, 1965-இல் படைப்பதவிகள் முழுவதையும் நீக்கியது. 1988-இல் பதவிகள் திரும்பியபோது மார்ஷல் மட்டும் திரும்பவில்லை. உகாண்டாவின் இடி அமீன் தமக்குத் தாமே ஃபீல்டு மார்ஷல் பட்டம் சூட்டிக்கொண்டவர்.

அமெரிக்கா தன் படையில் இப்பட்டத்தை ஏற்கவில்லை; 1944-இல் ஐந்து நட்சத்திரப் பதவியை உருவாக்கியபோதும் அதற்கு வேறு பெயர் வைத்தது. அங்கே மார்ஷல் என்றால் கூட்டாட்சி நீதிமன்றங்களின் அலுவலர். 1789-இல் முதல் அதிபர் வாஷிங்டன் அவர்களை நியமித்தார். கைதிகளைக் கொண்டுசெல்வதும் நீதிமன்ற ஆணைகளை நிறைவேற்றுவதும் அவர்கள் வேலை. 1790 முதல் 1870 வரை மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் அவர்களே நடத்தினார்கள். 1960-இல் நியூ ஆர்லியன்ஸில் வெள்ளையர் பள்ளியில் சேர்ந்த ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி ரூபி பிரிட்ஜஸை வகுப்புக்கு அழைத்துச் சென்ற காவலர்களும் மார்ஷல்களே. போலந்தில் நாடாளுமன்றக் கீழவையின் தலைவருக்கே மார்ஷல் என்று பெயர்.

பிரிட்டன் 1919-இல் தன் விமானப்படைக்குத் தனிப் பதவிப் பெயர்கள் வகுத்தபோது, ஏர் வைஸ் மார்ஷல், ஏர் மார்ஷல், ஏர் சீஃப் மார்ஷல் என்ற வரிசை உண்டாயிற்று. உச்சப் பட்டமாக மட்டும் இருந்த பெயர் அதன்பின் பல நூறு அதிகாரிகளுக்கு உரியதாயிற்று. இந்திய விமானப்படையும் இவ்வரிசையையே பின்பற்றுகிறது.

தெற்காசியா

பாகிஸ்தானில் ஆட்சியைக் கைப்பற்றிய அயூப் கான் 1959-இல் ஃபீல்டு மார்ஷல் ஆனார். இரண்டாமவர் 2025 மே மாதத்தில் பட்டம் பெற்ற அசிம் முனீர். இலங்கையில் இப்பட்டம் பெற்ற முதலாமவர் சரத் பொன்சேகா. 2009-இல் முடிந்த போரின்போது தரைப்படைத் தளபதியாக இருந்த அவர், அடுத்த ஆண்டு அதிபர் தேர்தலில் தோற்றுச் சிறை சென்றார். 2015-இல் ஆட்சி மாறியதும் மன்னிப்பும் பட்டமும் ஒரே ஆண்டில் வந்தன.

இந்தியாவில் தரைப்படையில் இருவருக்கும் விமானப்படையில் ஒருவருக்கும் ஐந்து நட்சத்திரப் பட்டம் வழங்கப்பட்டுள்ளது. 1971 போரின்போது தரைப்படைத் தளபதியாக இருந்த சாம் மானெக்சா 1973 ஜனவரியில், ஓய்வுபெறச் சில நாட்களே இருந்தபோது, முதல் ஃபீல்டு மார்ஷல் ஆனார். 1949-இல் படைத்தலைமை ஏற்ற முதல் இந்தியரான கரியப்பாவுக்கு, அவர் ஓய்வுபெற்று 33 ஆண்டுகள் கழித்து 1986-இல் வழங்கப்பட்டது. 1965 போரில் விமானப்படையை நடத்திய அர்ஜன் சிங், 2002-இல் இந்திய விமானப்படையின் மார்ஷல் ஆனார். இப்பட்டம் பெற்றவர் ஓய்வுபெறுவதில்லை. ஆயுள் முழுவதும் பணியில் இருப்பவராகவே கருதப்படுவார். ஆனால் அவர் கட்டளைக்குக் கீழே படை எதுவும் இராது. மானெக்சா குன்னூரில் வாழ்ந்து, 2008-இல் வெலிங்டன் இராணுவ மருத்துவமனையில் காலமாகி, உதகையில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் மறைந்த அந்த நீலகிரிப் பாசறை நகரின் பெயர், விட்டோரியாவில் வென்ற ஃபீல்டு மார்ஷலின் பெயர்தான்.

பட்டத்தின் மற்றொரு கிளை இந்தியச் சட்டமன்றங்களிலும் நாடாளுமன்றத்திலும் வாழ்கிறது. அமளி செய்யும் உறுப்பினரைப் பேரவைத் தலைவர் வெளியேற்றச் சொன்னால், அதை நிறைவேற்றும் அவைக் காவலர்கள் மார்ஷல்கள் எனப்படுகிறார்கள். இரு கிளைகளும் 2019 நவம்பரில் நேருக்கு நேர் மோதின. மாநிலங்களவை மார்ஷல்களுக்குத் தரப்பட்ட புதிய சீருடை படை அதிகாரிகளின் உடையைப் போல இருந்ததால், முன்னாள் தளபதிகள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவைத் தலைவர் வெங்கையா நாயுடு அதை மறுபரிசீலனை செய்ய உத்தரவிட்டார்.

கடற்படையில் இதற்கு இணையான பட்டம் இந்தியாவில் எவருக்கும் அளிக்கப்பட்டதில்லை. 2017 செப்டம்பர் 16 அன்று அர்ஜன் சிங் காலமான பிறகு, ஐந்து நட்சத்திரப் பட்டம் உடையவர் எவரும் நாட்டில் இல்லை.