குண்டு வகுத்த எல்லை

கடலூர் மஞ்சக்குப்பத்துக்குக் கிழக்கே, கடலோரத்தில் இருப்பது தேவனாம்பட்டினம். அங்கிருந்த கோட்டையை 1690-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கம்பெனியார் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினர். கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு சென்று விழும் தொலைவு வரையிலுள்ள நிலமும் அவர்களைச் சேரும் என்பது ஏற்பாடு. அவ்வாறே பீரங்கி முழங்கிற்று. அதன் எல்லைக்குள் அகப்பட்ட ஊர்கள் 'குண்டு கிராமங்கள்' என்று பெயர் பெற்றன.

மாணவ நண்பர்களே, இவ்வரலாற்றை நான் நினைவூட்டக் காரணம் உண்டு. பீரங்கியை விட்டகன்ற குண்டு தான் இருக்கும் இடத்தை அறியாது. தன் வழியைத் திருத்திக்கொள்ளவும் இயலாது. இன்றைய ராக்கெட்டோ இரண்டும் செய்கிறது. எவ்வாறு?

அதனுள்ளே சடத்துவக் கருவிகள் உள்ளன. முடுக்கமானி வேக மாறுதலை அளக்கிறது. ஜைராஸ்கோப் திசை மாறுதலை உணர்த்துகிறது. இவற்றைக் கூட்டிக் கூட்டி இருப்பிடம் கணிக்கப்படுகிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு அடிகளை எண்ணி நடப்பது போன்றது இது. வெளியுதவி வேண்டாம், ஆனால் பிழை வளரும். ஒவ்வொரு நொடியும் வேகத்தில் நொடிக்கு 1 மில்லிமீட்டர் மிகுதியாகக் கூட்டப்பட்டால், 1 நிமிடத்தில் 1.8 மீட்டர் வழுவுவோம். 10 நிமிடத்தில் 180 மீட்டர். காலம் பத்து மடங்கானால் பிழை நூறு மடங்காகிறது.

செயற்கைக் கோள்களின் வானொலி அலைகளைக் கொண்டு இடமறியும் முறையில் பிழை இவ்வாறு பெருகுவதில்லை. ஆயினும் சுரங்கவழியிலும் உயர்ந்த கட்டடங்களின் நடுவிலும் அவ்வலை தடைப்படும். ஆகவே ஒரு சாட்சி இடைவிடாது பேசுகிறது. ஆனால் மெல்ல வழுவுகிறது. மற்றொன்று உண்மையை ஒட்டி நிற்கிறது. ஆனால் சில வேளை வாய் மூடிவிடுகிறது. இரண்டின் சொல்லையும் அவற்றின் நம்பகத்திற்கேற்ப எடைபோட்டு இணைக்கும் கணித முறையை 1960-இல் ருடால்ஃப் கால்மன் வெளியிட்டார். அப்பல்லோ விண்கலங்கள் சந்திரனுக்குச் சென்றபோது அம்முறை வழிகாட்டிற்று.

நம் நாட்டிலும் இவ்விரு துறைகள் வளர்ந்துள்ளன. திருவனந்தபுரத்திலுள்ள இஸ்ரோவின் தனிப்பிரிவு சடத்துவக் கருவிகளை உருவாக்குகிறது. 'நாவிக்' அமைப்பின் முதல் செயற்கைக் கோள் 2013 ஜூலை 1 அன்று, இதே வங்கக் கரையின் வடபால் உள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விண்ணேறிற்று. பிறர் கோளையே நம்பியிருப்பவர்க்கு, அவர் அலையை நிறுத்தினால் வழியும் நின்றுபோகும். தன் எல்லையை அயலார் குண்டு வகுக்கக் கண்ட இக்கரைக்கு, தான் நிற்கும் இடத்தைத் தானே அளந்தறியும் ஆற்றல் சிறு பேறு அன்று.