நாலு பேருக்கு என்ன எழுதுவது?

வியன்னாவின் செயின்ட் ஸ்டீபன் தேவாலயப் பாடகர் குழுவில் ஜோசப் ஹைடன் என்றொரு சிறுவன் இருந்தான். வண்டிச் சக்கரம் செய்பவரின் மகன். அவனுக்கு இசை எழுத ஆசை. எட்டுக் குரலுக்கு, பதினாறு குரலுக்கு என்று எழுதித் தள்ளினான். தாள் அழகாக நிரம்பியிருந்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று அப்போது நினைத்தாராம். முதுமையில் தன் வாழ்க்கையைக் கேட்டெழுதிய கிரீசிங்கரிடம் அவரே சொன்னது இது. குழுவின் தலைவர் ராய்ட்டர் அந்தத் தாள்களைப் பார்த்துச் சிரித்தார். எந்தத் தொண்டையாலும் பாட முடியாத, எந்தக் கருவியாலும் வாசிக்க முடியாத இடங்கள் அவற்றில் இருந்தன. இரண்டு குரலைச் சேர்க்கவே தெரியாதவன் பதினாறுக்குப் போகலாமா என்று திட்டு வேறு. சரி, திட்டியவர் சொல்லிக் கொடுத்தாரா? அங்கே இருந்த காலம் முழுவதும் இசையமைப்பில் ராய்ட்டரிடம் தான் பெற்றது இரண்டே பாடங்கள் என்று ஹைடன் கணக்குச் சொல்லியிருக்கிறார்.

இந்தப் பையன் கையில்தான் ஸ்ட்ரிங் குவார்டெட் உருவானது. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. நடத்துநர் கிடையாது, பெரிய அரங்கம் தேவையில்லை, நாலு நாற்காலி போட இடமிருந்தால் போதும். அறை இசை எழுதக் கற்றுக்கொள்ள வரும் மாணவர்களை இன்று இந்த வடிவத்தின் பெயரைச் சொல்லியே மிரட்டுகிறார்கள். குற்றம் குறையை மறைக்க இதில் இடமே இல்லை, அனுபவம் வந்த பிறகு தொடு என்கிறார்கள். ஆனால் அது பிறந்தது ஒரு கற்றுக்குட்டியின் கையில்.

1749 வாக்கில் ஹைடனுக்குக் குரல் உடைந்தது. சக மாணவனின் சடையைக் கத்தரித்ததற்காக வெளியே அனுப்பினார்கள் என்று ஒரு கதை உண்டு. சடையைத் தொடாமல் இருந்திருந்தாலும் அனுப்பியிருப்பார்கள். குரல் போன பையனைத் தேவாலயம் எத்தனை நாள் வைத்துச் சோறு போடும்? அடுத்த சில ஆண்டுகள் அவருக்குத் தெருவில் கழிந்தன என்றே சொல்லலாம். இரவில் வீட்டு வாசல்களில் சன்மானத்துக்கு வாசிப்பார், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பார், திருப்பலிகளில் பாடுவார். குடியிருந்தது மிகேலர்ஹவுஸ் என்ற கட்டடத்தின் உச்சியில் ஒரு கூரை அறை. வியன்னாவின் குளிருக்கு அங்கே கணப்பு கிடையாது. பூச்சி அரித்த ஒரு பழைய கிளேவியர் (விசைப்பலகை வாத்தியம்) மட்டும் இருந்தது.

அந்த அறையில் ஆசிரியராக வந்து சேர்ந்தது ஒரு புத்தகம். 1725-இல் யோகான் யோசெஃப் ஃபூக்ஸ் லத்தீனில் வெளியிட்ட 'கிராடுஸ் அட் பர்னாஸும்'. குருவும் சீடனும் பேசிக்கொள்ளும் நூல். சீடனின் பெயர் யோசெஃபுஸ். ஆசிரியர் தன் பெயரைத்தான் அவனுக்கு வைத்தார் போலும், கூரை அறையில் படித்த இன்னொரு ஜோசப்புக்கும் அது பொருந்திவிட்டது. பாடமுறை கடுமையானது. ஒரு நீண்ட சுர வரிசையைக் கொடுப்பார்கள். முதலில் அதன் ஒவ்வொரு சுரத்துக்கும் எதிரே ஒரே ஒரு சுரம் வைக்க வேண்டும். அது கைவந்தால் ஒன்றுக்கு இரண்டு, பிறகு ஒன்றுக்கு நான்கு. அடுத்து சுரங்களைத் தாளத்தில் தள்ளிப்போட்டுக் கட்டுவது. கடைசியில் எல்லாம் கலந்து. இரண்டு குரலில் தேறிய பிறகே மூன்று, அதன் பிறகே நான்கு.

விதிகளில் முக்கியமான ஒன்று நம் காதுக்கு வேடிக்கையாக இருக்கும். இரண்டு குரல்கள் ச–ப இடைவெளி மாறாமல் ஒன்றாக ஏறி இறங்கக் கூடாது. ச–மேல் ச இடைவெளிக்கும் இதே தடை. அப்படிப் போனால் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே குரலாகிவிடும். நம் கச்சேரியில் வயலின் பாடுபவரை நிழலாகத் தொடர்வது அழகு. இங்கே ஒவ்வொரு குரலும் தன் வழியில் நடக்க வேண்டும், ஆனால் சேர்ந்து கேட்டால் இனிக்க வேண்டும். கவுண்டர்பாயிண்ட் என்பது இவ்வளவுதான். இவ்வளவுக்கே ஆண்டுகள் ஆகும்.

ஹைடன் படித்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பயிற்சியை எழுதி முடிப்பார். சில வாரம் அதைத் தொடாமல் ஒதுக்கி வைப்பார். பிறகு எடுத்துப் பார்த்து, சரியாக வந்துவிட்டது என்று தோன்றும்வரை தீட்டுவார். தப்பைச் சுட்டிக்காட்ட ஆளில்லாதவன் காலத்தையே வாத்தியாராக வைத்துக்கொண்டான். இசையமைப்பாளர் எம்மானுவேல் பாக்கின் சொனாட்டாக்களையும் அப்படியே வாசித்து வாசித்துப் பழகினார்.

மனித ஆசிரியரும் ஒருவர் கிடைத்தார்: இத்தாலியரான நிக்கோலா போர்ப்போரா. அவருடைய பாட்டு வகுப்புகளில் ஹைடன் கிளேவியர் வாசித்தார், பணிவிடையும் செய்தார். கழுதை, போக்கிரி என்ற வசையும் விலாவில் குத்தும் சம்பளத்தோடு சேர்த்தி. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன், அவரிடம் நிறையக் கற்றேன் என்றார் பின்னாளில். அதுவரை விடாமல் எழுதினாலும் எழுத்தில் பிழை இருந்தது, அடிப்படையைச் சரியாகப் பிடித்தது போர்ப்போராவிடம்தான் என்று 1776-இல் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பில் ஒப்புக்கொள்கிறார்.

கீழ் ஆஸ்திரியாவில், வைன்ட்சியர்ல் என்ற இடத்தில் ஃபூர்ன்பெர்க் என்ற பிரபுவுக்கு ஒரு மாளிகை இருந்தது. இசைப் பிரியர். ஊர்ப் பாதிரியார், தன் பண்ணையின் மேலாளர், ஆல்பிரெக்ட்ஸ்பெர்கர் என்றொருவர், ஹைடன் ஆகிய நாலு பேரை அவ்வப்போது கூட்டி வைத்து வாசிக்கச் சொல்வார். இந்த நாலு பேரும் வாசிக்கிற மாதிரி ஏதாவது எழுதேன் என்று ஒருநாள் ஹைடனிடம் கேட்டார். அப்போது ஹைடனுக்கு வயது 18 என்கிறார் கிரீசிங்கர். 1757-ஐ ஒட்டி இருக்கலாம் என்பது இன்றைய ஆய்வாளர்களின் கணிப்பு. எப்படியானாலும் புது வடிவம் காண வேண்டும் என்று யாரும் உட்காரவில்லை. வந்திருந்தவர்கள் நாலு பேர், அதனால் நாலு குரல்.

அந்த ஆரம்பத் துண்டுகளுக்கு அவர் இட்ட பெயர் டைவர்டிமென்டோ, பொழுதுபோக்கு. ஐந்து சிறு பகுதிகள்: பெரும்பாலும் இரு முனையிலும் வேகம், நடுவில் மெதுவான ஒன்று, அதன் இருபுறமும் மினுவெட் நடனம். முதலாவதாக எண்ணிடப்பட்ட பி-ஃபிளாட் குவார்டெட்டின் தொடக்கத்தைக் கேட்டுப் பாருங்கள். வேட்டைக்கொம்பு ஊதுவது போல நால்வரும் ஒரே சுரங்களில் கிளம்புகிறார்கள். அத்தனை கவுண்டர்பாயிண்ட் படித்தவர் இப்படித் தொடங்குவது கெட்டிக்காரத்தனம் என்றே நினைக்கிறேன். பாதிரியாரும் மேலாளரும் முதலில் ஒன்றாகக் கிளம்பட்டும், பிரிவது அப்புறம். முதல் தொகுதியின் ஆறாவதில் மெதுவான பகுதி இன்னும் சுவை: முதல் வயலின் அடக்கிய ஒலியில் பாட, மற்ற மூவரும் வில்லை விட்டுவிட்டு விரலால் மீட்டுகிறார்கள். வாசல் வாசலாக வாசித்துத் திரிந்த இரவுகள் அதில் ஒலிக்கின்றன.

இந்த நான்கு கருவிகளைச் சேர்த்த முதல் ஆள் ஹைடன் அல்ல. அலெஸ்ஸாந்த்ரோ ஸ்கார்லாட்டி அவருக்கு ஒரு தலைமுறைக்கு முன்பே, அக்கால வழக்கப்படி துணைக்கு வரும் ஹார்ப்சிகார்ட் இல்லாமல், நால்வருக்கு எழுதியிருக்கிறார். ஆனால் பரவியது ஹைடனுடையது. 1764-இல் பாரிஸில் அச்சாகிவிட்டது. கேட்டவர்கள் பாராட்டியதால்தான் தொடர்ந்து எழுதத் துணிவு வந்தது என்கிறார் கிரீசிங்கர்.

1761-இல் எஸ்தர்ஹாசி என்ற பிரபுக் குடும்பத்தில் ஹைடனுக்கு வேலை கிடைத்தது. சில ஆண்டு குவார்டெட்டைத் தொடாமல் இருந்துவிட்டு 1760-களின் கடைசியில் திரும்பினார். 1772-இல் எழுதிய ஓபஸ் 20 என்ற ஆறு குவார்டெட் தொகுதியில் ஆள் வேறாகத் தெரிகிறார். அதன் இரண்டாவது குவார்டெட்டில் முதலில் மெட்டைப் பாடுவது செல்லோ. முதல் வயலின் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறது. ஆறில் மூன்று குவார்டெட்டுகள் ஃபியூகில், அதாவது ஒரு கருவைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னும் வடிவத்தில், முடிகின்றன: ஒன்று இரண்டு கருக்களோடு, இன்னொன்று மூன்றோடு, மற்றொன்று நான்கோடு. கூரை அறைப் பயிற்சிகள் வட்டியும் முதலுமாகத் திரும்பிய இடம் இது.

மொஸார்ட் 1785-இல் ஆறு குவார்டெட்டுகளை ஹைடனுக்கு அர்ப்பணித்து வெளியிட்டபோது, இவை நீண்ட, கடினமான உழைப்பின் பலன் என்று எழுதினார். எதையும் சட்டென்று எழுதிவிடுவார் என்று பெயரெடுத்தவரின் வாக்குமூலம் அது. அதற்கு ஓராண்டு முன்பு வாக்கில் வியன்னாவில் ஒரு வீட்டு விருந்து நடந்ததைப் பாடகர் மைக்கேல் கெல்லி தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். முதல் வயலின் ஹைடன், இரண்டாவது வயலின் டிட்டர்ஸ்டோர்ஃப், வியோலா மொஸார்ட், செல்லோ வான்ஹால். நால்வருமே இசையமைப்பாளர்கள். வாசிப்பு சுமார்தான், அவரவர் கருவியில் யாரும் பெரிய வித்வான் இல்லை என்கிறார் கெல்லி, கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்கள் என்று கிண்டலாகச் சேர்த்துக்கொண்டு. வாசித்து முடித்ததும் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சாப்பாடு பிரமாதம் என்பதையும் அவர் மறக்காமல் குறித்திருக்கிறார்.