உடையும் குதிரைகளின் காடு

"செருப்பைக் கழத்துடா. சுள்ளியக்கூடத் தொட்டுறாத. அய்யனாரு பாத்துக்கிட்டு இருக்காரு."

காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, குலசாமி கோயில் காட்டு எல்லையை மிதிக்கும்போதெல்லாம் அப்பத்தா சொல்வது இது. காடு என்றால் பெருவனம் இல்லை; கண்மாய்க் கரையோரம் சில ஏக்கர். சுற்றிலும் தைலமரமும் சீமைக்கருவேலமும். உள்ளே மட்டும் வீரை, உசிலை, பாலை, காயா. காரைக்குடிக்குப் பெயர் கொடுத்ததாகச் சொல்லப்படும் காரைச் செடியும் ஓரத்தில் முள்ளோடு நிற்கும்.

காட்டுக்குள் இரண்டே வழி. ஒன்று ஆள் நடக்கிற ஒற்றையடிப் பாதை. அகலமான இன்னொன்று, குதிரை வருகிற வழி. வருவது மண்குதிரை.

அய்யனாருக்கு மண்குதிரை கொண்டுவரும் புரவி எடுப்பு பிடிமண்ணில் தொடங்கும். ஊரார் ஒரு பிடி மண்ணைக் குதிரை செய்யும் வேளார் கையில் கொடுத்தால்தான் அவர் வேலையைத் தொடுவார். முதலில் நாலு கால். அவை இறுகிய பிறகு வயிறு. கழுத்தும் தலையும் கடைசியில். சூளையிலிருந்து எடுத்த குதிரையை வேளார் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். 'ணங்' என்றால் தேறியது. சத்தம் மந்தமாக இருந்தால் எங்கோ விரிசல். பிறகு சுண்ணாம்பு, வண்ணம், மாலை. சிங்கம்புணரி சேவுகப்பெருமாள் அய்யனார் கோயில் சிவகங்கை சமஸ்தானத்தைச் சேர்ந்தது. அங்கே அரண்மனைப் புரவி முதலில் போகும், நேர்த்திக்கடன் புரவிகள் பின்னால். தோளில் சுமந்து வந்து இறக்கிய குதிரையை அதன்பின் யாரும் தொடுவதில்லை. வெயிலும் மழையும் பார்த்துக்கொள்ளும்.

காடு தானாக மிஞ்சிவிடாது. சென்னையில் கிண்டிக் காடு 1910-இல் காப்புக்காடானபோது 505 ஹெக்டேர். 1978-இல் தேசியப் பூங்காவானபோது மிஞ்சியது ஏறக்குறைய 270. சட்டம் இருந்தே அவ்வளவு போயிற்று. எங்கள் காட்டுக்கு வேலிகூடக் கிடையாது. ஊரார் திரும்பத் திரும்ப வந்ததே அதற்குக் காவல்.

'மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே' என்பார்கள். எங்கள் பக்கம் அதை நம்பித்தான் வயலில் இறங்கினார்கள். கண்மாய் நிறைய வேண்டும், அதற்கு அய்யனார் கரையைச் சுற்றி வர வேண்டும், அவருக்குக் குதிரை வேண்டும். போன குதிரை உடைந்ததால்தான் புதுக் குதிரை. அதற்காகப் பிடிமண், வேளார், வழியை அடைக்கும் முள்ளை ஒதுக்க நாலு ஆள். உடைவதுதான் அந்தக் குதிரையின் வேலை என்று இப்போது தோன்றுகிறது.

போன பங்குனியில் போயிருந்தேன். வாசலில் புதிதாக இரண்டு சிமென்ட் குதிரை, பெயின்ட் பளபளக்க. "இனி அம்பது வருசத்துக்குக் கவலையில்லண்ணே" என்றான் உறவுக்காரப் பையன். உள்ளே போகும் அகல வழியைத் தேடினேன். முள் மூடியிருந்தது. ஒற்றையடிப் பாதையில் நடந்து போய்ப் பார்த்தேன்: பழைய குதிரை ஒன்றின் உடைந்த வயிற்றுக்குள்ளிருந்து முழங்கால் உயரத்துக்கு ஒரு வீரங்கன்று கிளம்பியிருந்தது.

செருப்பு என் கையில்தான் இருந்தது.