பிறவிக் குணமும் ரேகைச் சட்டமும்

கடலுக்கும் வாவிக்கும் இடையே அமைந்த பெரியகல்லாற்றில் வாழும் நமக்குப் பிறவி ஆற்றல் என்பது புதிய செய்தியன்று. முட்டையிலிருந்து வெளிவரும் கடலாமைக் குஞ்சு, தாயின் துணையின்றியே கடலை நோக்கி ஊர்கிறது. மனிதக் குழந்தையும் மொழி கற்கும் ஆற்றலோடு பிறக்கிறது. ஆயினும் அது தமிழ் பேசுவதா, சிங்களம் பேசுவதா என்பதை வளரும் வீடே தீர்மானிக்கிறது. வாவியில் வீச்சுவலை எறியும் கைத்திறனும் பழகி வருவதே. மீன்குஞ்சுக்கு நீந்தக் கற்பிக்க வேண்டியதில்லை. மீனவன் மகனுக்குக் கற்பித்தே ஆகவேண்டும்.

இவ்வேறுபாட்டை மறந்த கருத்து சட்டமானால் என்ன நேரும்? தமிழகத்தின் வரலாறு அதற்கு விடை தருகிறது. 1871இல் பிரித்தானிய ஆட்சி இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றியது. தச்சன் மகன் தச்சனாவதுபோலக் குற்றவாளியின் மகனும் குற்றவாளியே ஆவான் என்பது அதன் அடிப்படை. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரைப் பகுதியின் பிரமலைக் கள்ளர்மீதும் ஏவப்பட்டது. அவர்கள் வறண்ட நிலத்தவர். ஊர்க்காவலுக்குக் கூலி பெற்றவர். அக்காவல் முறையை ஆட்சி ஒடுக்கியது. பிழைப்பிழந்தோரின் வறுமை விளைவித்ததைக் குருதியின் குணமென்று ஏட்டில் எழுதியது. குற்றம் செய்யாதவரும் கைரேகை பதிய வேண்டியதாயிற்று.

1920 ஏப்ரல் 3இல், உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை பதிய மறுத்தனர். பொலிசாரின் தாக்குதலில் மாயக்காள் என்னும் பெண் உட்பட 16 பேர் மாண்டனர்.

அதே அரசு அதே மக்களுக்கெனச் சீரமைப்புப் பள்ளிகளையும் திறந்தது! குணம் குருதியில் உறைவதாயின் பள்ளி எதற்கு? பள்ளியால் மாறுமாயின் ரேகை எதற்கு? அரசின் செயலே அதன் கொள்கையைப் பொய்யாக்கிற்று. மக்களின் நெடும் போராட்டத்தின் பின், சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இலும் இந்தியா முழுவதிலும் 1952இலும் நீங்கியது.

எண்ணம் மட்டும் இன்னும் நீங்கவில்லை. இலங்கையில் 1945இல் இலவசக் கல்வி வந்தபின், ஏழைத் தொழிலாளர் பிள்ளைகள் பலர் பல்கலைக்கழகம் புகுந்தனர். அவர்தம் பாட்டன்மாருக்குக் குறைந்திருந்தது அறிவன்று, வாய்ப்பே. ஆயினும் கடைசி வாங்கில் அமர்ந்திருப்பவனைப் 'பிறவி மொக்கு' என்று சொல்லும் வழக்கம் நம் வகுப்பறைகளில் உண்டு. அச்சொல்லை உரைக்குமுன், அவன் காலையில் உண்டானா, இரவில் தந்தையோடு தோணியேறினானா என்று கேட்டறிவது ஆசிரியர்களாகிய நமது கடன்.