புரட்சி சட்டபூர்வமானதாக இருக்க முடியுமா? இலங்கை வரலாறு தரும் பதில்

ஆளும் அரசுக்கு எதிரான புரட்சியை நாடுகளின் நடைமுறைச் சட்டங்கள் பொதுவாக அனுமதிப்பதில்லை. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 114ஆம் பிரிவு, அரசுக்கு எதிராகப் போர் தொடுப்பதற்கு மரண தண்டனை வரை விதிக்கிறது. ஆனால் புரட்சி வென்றுவிட்டால் அதுவே புதிய சட்டத்தை எழுதிக்கொள்கிறது. தன்னைத் தானே சட்டபூர்வமாக்கியும் கொள்கிறது. இந்த இரண்டையும் இலங்கை கண்டிருக்கிறது.

தோற்றவர்கள்

1962 ஜனவரியில் இராணுவ, பொலிஸ் அதிகாரிகள் சிலர் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசைக் கவிழ்க்க முயன்று பிடிபட்டார்கள். அவர்களைத் தண்டிப்பதற்கென்றே முன்தேதியிட்டு ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன் கீழ் 11 பேர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். 1965இல் இலண்டன் கோமறைக் கழகம் அந்தத் தீர்ப்பை ரத்துச் செய்தது. நீதிமன்றின் அதிகாரத்தில் பாராளுமன்றம் தலையிட்டுவிட்டது என்பதே காரணம்.

1971 ஏப்ரலில் ஜே.வி.பி. ஆயுதமேந்தியது. கிளர்ச்சி சில வாரங்களில் நசுக்கப்பட்டது. சாதாரண சாட்சியச் சட்ட விதிகளைத் தளர்த்திய விசேட ஆணைக்குழு மூலம் ரோகண விஜேவீர உள்ளிட்டோர் தண்டிக்கப்பட்டனர். 1977இல் ஆட்சி மாறியதும் அவர் விடுதலையானார். அதே கட்சியின் தலைவர் 2024இல் வாக்குச்சீட்டின் மூலம் சனாதிபதியானார்.

வென்றவர்கள்

இந்நாட்டில் முழுமையாக வென்ற சட்டப் புரட்சியில் துப்பாக்கி வெடிக்கவில்லை. அதைச் செய்தது அரசாங்கமே.

சோல்பரி யாப்பின் 29(2)ஆம் பிரிவு, ஓர் இனத்துக்கோ மதத்துக்கோ பாதகமான சட்டங்களை இயற்றப் பாராளுமன்றத்துக்குத் தடை விதித்தது. இத்தடை மாற்ற முடியாதது என்று 1964இல் கோமறைக் கழகம் கருத்துத் தெரிவித்தது. 1970இல் மூன்றில் இரண்டுக்கும் மேற்பட்ட ஆசனங்களுடன் வந்த ஐக்கிய முன்னணி, பழைய யாப்பின் வழியே போகாமல் அதற்கு வெளியே போனது. உறுப்பினர்கள் பாராளுமன்றத்தில் அல்லாமல் கொழும்பு நவரங்கஹல மண்டபத்தில் அரசியல் நிர்ணய சபையாகக் கூடினார்கள். சட்டத் தொடர்ச்சியை அறுப்பதே நோக்கம் என்பதை அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா மறைக்கவில்லை. மொழி தொடர்பான கோரிக்கைகள் நிராகரிக்கப்பட்டதும் 1971 யூனில் தமிழரசுக் கட்சி சபையை விட்டு வெளியேறியது. 1972 மே 22இல் குடியரசு யாப்பு நடைமுறைக்கு வந்தது. 29(2)இன் பாதுகாப்பு அதோடு போயிற்று.

கேள்வி நீதிமன்றம் வந்தபோது

1976இல் குடியரசு தினத்தைப் புறக்கணிக்கக் கோரும் துண்டுப்பிரசுரங்களை விநியோகித்ததாக அ. அமிர்தலிங்கம் உள்ளிட்ட தலைவர்கள் கைதாகினர். மூன்று நீதிபதிகள் கொண்ட ட்ரயல் அட் பார் மன்றில், செல்வநாயகமும் ஜி.ஜி. பொன்னம்பலமும் உட்பட அறுபதுக்கும் மேற்பட்ட சட்டத்தரணிகள் அவர்களுக்காகத் தோன்றினார்கள். 1972 யாப்பே சட்டவிரோதமானது என்பது அவர்களின் வாதங்களில் ஒன்று. அந்த யாப்பின் கீழ் சத்தியம் செய்து பதவியேற்ற தம்மால் அதன் செல்லுபடியை விசாரிக்க முடியாது என்று நீதிபதிகள் ஒதுங்கினர். கோமறைக் கழகத்துக்கு மேன்முறையீடு செய்யும் வழியும் 1971இலேயே மூடப்பட்டிருந்தது.

வெற்றி பெற்ற புரட்சியே சட்டம் என்று சட்ட அறிஞர் ஹான்ஸ் கெல்சனின் கோட்பாட்டை வைத்து 1958இல் பாகிஸ்தான் உச்ச நீதிமன்றம் இராணுவ ஆட்சியை ஏற்றது. 1972இல் அதே நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் பிழையென்று தள்ளியது. ஆனால் அதற்குள் அந்த ஆட்சி போய்விட்டிருந்தது.

2022இல் நடந்தது என்ன?

யூலை 9இல் மக்கள் சனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள். கோட்டாபய நாட்டை விட்டு ஓடிப் பதவி விலகினார். ஆனால் யாப்பு அசையவில்லை. 40ஆம் உறுப்புரையின்படி யூலை 20இல் பாராளுமன்றம் 134 வாக்குகளால் ரணிலைத் தெரிவு செய்தது. இரண்டு நாளில் காலிமுகத்திடல் படையினரால் வெறுமையாக்கப்பட்டது. ஆள் மாறினார், சட்டம் மாறவில்லை. ஆகவே சட்டத்தின் கண்ணில் அது புரட்சி அல்ல.

எமக்கு எஞ்சியிருப்பது

1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் முகவுரை, சட்டத்தின் ஆட்சியால் உரிமைகள் காக்கப்படாவிட்டால் மனிதர் இறுதி வழியாகக் கிளர்ச்சியை நாட நேரும் என எச்சரிக்கிறது. அது எச்சரிக்கை, அனுமதிப் பத்திரம் அல்ல.

இங்கே கோடு இன்னும் இறுக்கமானது. 1983இன் ஆறாம் திருத்தத்தின்படி தனிநாட்டை அமைதியாக ஆதரிப்பதும் குற்றம். ஆனால் சமஷ்டி கேட்பது பிரிவினை அல்ல என்று 2017 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழரசுக் கட்சிக்கு எதிராகத் தொடரப்பட்ட வழக்கில் வந்த இத்தீர்ப்பு எமது கையில் உள்ள பெறுமதியான ஆவணம்.

காகிதத்தில் உள்ள உரிமை தரையில் எப்போதும் கிடைப்பதில்லை. 2021 மே 18இல், நாவற்குடாவுக்கு வடக்கே கிரான் கடற்கரையில் முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் செய்த 10 பேர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதாகி மாதக்கணக்கில் உள்ளே இருந்தார்கள். அரசு தானே யாப்பை அறுத்தபோது அது குடியரசு தினமாகக் கொண்டாடப்பட்டது. இறந்தவர்களுக்கு விளக்கேற்றியவர்கள் பயங்கரவாதச் சட்டத்தில் கைதானார்கள். புரட்சி சட்டபூர்வமானதா என்று கேட்கும்போது, தீர்ப்பு எழுதும் பேனா யார் கையில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.