ஆணி இல்லாத படகு



"ஆணி இல்லாம படகு கட்ட முடியுமா சார்?" என்று செராஸ் மாணவன் ஒருவன் என்னைக் கேட்டான். முடியும் தம்பி, நம் முன்னோர் கட்டினார்கள்.

மரக்கட்டைகளைக் கயிற்றால் பிணைத்ததே கட்டுமரம். ஆங்கிலேயர் அந்தப் பெயரையே தம் மொழிக்கு எடுத்துக்கொண்டார்கள். சென்னைக் கரையில் மசூலாப் படகு ஓடியது. பலகையின் ஓரத்தில் துளையிட்டு, இடுக்கில் வைக்கோல் திணித்து, தென்னை நார்க் கயிற்றால் தைத்தார்கள். ஏன் தெரியுமா? அலை மோதினால் ஆணி அடித்த படகு பிளந்துவிடும். தைத்த படகோ வளைந்து கொடுக்கும். 1875இல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டும் முன்பு, கப்பலிலிருந்து ஆட்களையும் சரக்கையும் கரைசேர்த்தவை இப்படகுகளே.

நம் மலேசியாவிலும் இந்தக் கலை உண்டு. 1926இல் தென் பகாங்கின் பொந்தியானில் கிடைத்த படகு நார்க் கயிற்றால் கட்டியது. வயது 1,500 ஆண்டுகளுக்கு மேல்! திரங்கானு மலாய்க்காரர்கள் பலகைகளை மர முளைகளால் இணைத்து, நடுவே கெலாம் மரப்பட்டையை வைப்பார்கள். தண்ணீர் பட்டதும் பட்டை உப்பி இடுக்கை அடைத்துக்கொள்ளும். பட்டையின் குணம் பால்மரம் வெட்டிய உங்களுக்குத் தெரியாததா?

அவர்களிடம் வரைபடம் கிடையாது; கண்ணும் கையும்தான் அளவு. இன்று அந்தக் கைவினைஞர் மிகச் சிலரே. கையில் இருக்கும் கல்வி, சொல்லிக் கொடுக்காவிட்டால் ஆளோடு போய்விடும்.

மாணவர்களே! அப்பா பால்மரம் வெட்டினார் என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். இன்று பரிசோடு வீட்டுக்குப் போனதும், "உங்களுக்கு என்ன வேலை தெரியும்பா?" என்று கேளுங்கள். பெற்றோர்களே, சொல்லிக் கொடுங்கள்!