சக்கரத்தைப் பிடித்து நிற்கும் மரை

1906 ஜூன் 26 அன்று பிரான்சின் லெ மான் நகருக்கு வெளியே முதல் கிராண்ட் பிரீ கார்ப் பந்தயம் தொடங்கியது. இரண்டு நாளில் ஏறக்குறைய 1,238 கிலோமீட்டர் ஓட வேண்டும். வெயிலோ கடுமை, டயர்கள் அடுத்தடுத்துக் கிழிந்தன. ஓட்டுநரும் உடன் வரும் மெக்கானிக்கும் தவிர வேறு யாரும் வண்டியில் கைவைக்கக் கூடாது. பழைய டயரைக் கத்தியால் அறுத்தெறிந்து புதியதை ஏற்றுவதற்குக் கால் மணி நேரம் போய்விடும். மிஷலின் நிறுவனம் இதற்கு ஒரு வழி கண்டிருந்தது. நட்டுகளைக் கழற்றினால் டயர் பொருத்திய ரிம் அப்படியே கையோடு வந்துவிடும். வேலை நான்கு நிமிடத்துக்குள் முடிந்தது. அந்த ரிம்களோடு ரெனோ காரை ஓட்டிய ஃபெரென்ஸ் சிஸ் பந்தயத்தை வென்றார்.

அதுவரை கார்ச் சக்கரம் வழியில் கழற்றுவதற்கான பொருளாக இருக்கவில்லை. மர ஆரங்கள் கொண்ட சக்கரம் அச்சிலேயே இருக்க, பஞ்சரை அங்கேயே உட்கார்ந்து ஒட்ட வேண்டும். 1904இல் வேல்ஸின் லனெல்லி ஊரில், ஸ்டெப்னி தெருவில் தொழில் நடத்திய டேவிஸ் சகோதரர்கள் ஆரமில்லாத ஒரு வளையத்தில் டயரை மாட்டி, பஞ்சரான சக்கரத்தின் பக்கவாட்டில் கவ்விக்கொள்ளச் செய்தார்கள். நம் ஓட்டுநர்கள் இன்றும் ‘ஸ்டெப்னி’ என்று கேட்பது அந்தத் தெருவின் பெயரைத்தான். பிறகு கோவென்ட்ரியின் ரட்ஜ்-விட்வொர்த் நிறுவனம் நடுவில் ஒரே பெரிய நட்டால் பூட்டும் கம்பிச் சக்கரத்தைக் கொண்டுவந்தது. பந்தயக்காரர்களுக்கு அது பிடித்துப்போனது. சாதாரணக் கார்களிலோ, ஹப்பைச் சுற்றி நாலைந்து ஸ்டட்டும் நட்டும் வைக்கும் மலிவான முறை நிலைத்தது. 1927 டிசம்பரில் வெளிவந்த ஃபோர்டு மாடல் ஏ காரில் சக்கரத்துக்கு ஐந்து ஸ்டட்டுகள்.

மாற்றுவது எளிதானதும் மரை கெடுவதும் கூடியது. சக்கரத்தைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் நட்டு கோணலாக ஏற ஒரு வாய்ப்பு உண்டு.

அளவுக் குழப்பம் அதை இன்னும் மோசமாக்கியது. 1841இல் ஜோசப் விட்வொர்த் பிரிட்டனுக்கு வகுத்த மரையின் கோணம் 55 டிகிரி. 1864இல் வில்லியம் செல்லர்ஸ் அமெரிக்காவுக்கு முன்மொழிந்தது 60 டிகிரி. இரண்டாம் உலகப் போரில் ஒரு நாட்டு நட்டு மற்ற நாட்டு போல்ட்டில் ஏறாமல் நேசப் படைகள் திண்டாடின. 1948இல்தான் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் ஒரே மரைக்கு உடன்பட்டன. மெட்ரிக் உலகம் தனியே இருந்தது. அந்தச் சிக்கல் இன்றும் பட்டறையில் உண்டு. அரை அங்குல நட்டு 12 மில்லிமீட்டர் ஸ்டட்டில் தளர்வாக ஏறும். ஏறியது போலத் தோன்றும், ஆனால் தாங்காது. 1.5 மில்லிமீட்டர் மரை நட்டு 1.25 மரை ஸ்டட்டில் ஒன்றிரண்டு சுற்று போய் இறுகும். அதற்கு மேல் ஸ்பேனரில் காலை வைத்து மிதித்தால் மரை சிதைந்துவிடும்.

சக்கரம் சுழலும்போது நட்டு தானாகக் கழலும் என்ற அச்சத்தில் கிரைஸ்லர் நிறுவனம் 1970களின் தொடக்கம் வரை தன் கார்களின் இடப்புறத்தில் எதிர்த்திசையில் கழலும் இடது மரை வைத்தது. இது தெரியாத மெக்கானிக் கழற்றுவதாக எண்ணி இன்னும் இறுக்குவார், ஸ்டட் முறிந்துபோகும். 1930களில் பரவத் தொடங்கிய இம்பாக்ட் ரெஞ்ச், ஸ்டட்டை முறிக்கும் அந்தப் பலத்தை ஒரு விரலசைவுக்குள் கொண்டுவந்தது.

நட்டு உண்மையில் ஏன் கழல்கிறது என்பதை 1969இல் ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் விளக்கினார். இறுக்கிய பரப்புகள் பக்கவாட்டில் சறுக்கத் தொடங்கினால் மரையின் உராய்வுப் பிடி தளர்ந்து நட்டு சுழலும் என்று சோதனையில் காட்டினார். சறுக்கைத் தடுப்பது இறுக்கம். நட்டை முறுக்கும்போது ஸ்டட் இழுபட்டு நீள்கிறது. ஸ்பிரிங் போல மீளத் துடிக்கும் அந்த விசைதான் சக்கரத்தை ஹப்போடு அழுத்திப் பிடிக்கிறது. சிதைந்த மரையில், முறுக்கும் பலம் உராய்வுக்கே செலவாகிவிடும். ஸ்பேனர் ‘டைட்’ என்று சொல்லும். சக்கரம் தளர்ந்தே இருக்கும்.

எனவே, முதல் ஓரிரு மரையில் சிறு நசுங்கல் என்றால் மரை வெட்டும் டை விட்டுச் சீராக்கலாம். மரை வழித்துப்போன, நீண்டுபோன ஸ்டட்டை மாற்றத்தான் வேண்டும். இன்றைய பெரும்பாலான ஸ்டட்டுகள் தலைக்குக் கீழுள்ள பற்கள் ஹப்பைக் கவ்வும்படி அழுத்திச் செருகப்பட்டவை. பின்பக்கமாகத் தட்டி எடுத்து, புதியதை நேராக இழுத்துப் பதிக்கலாம். மாடல் ஏ போன்ற பழைய வண்டிகளில் ஸ்டட்டின் கழுத்தை விரித்து, ஹப்பையும் டிரம்மையும் சேர்த்து அடித்திருப்பார்கள். விரிந்த பகுதியை முதலில் வெட்டாமல் தட்டினால் ஹப் துளையே பெருத்துவிடும். வெல்டிங் வைத்து ஒப்பேற்றுவது எந்த வண்டிக்கும் ஆகாது. அந்தச் சூட்டில் பதப்படுத்திய எஃகு தன் பலத்தை இழக்கும். லாரித் தொழிலில் இன்னொரு நல்ல வழக்கம் உண்டு: ஒரு ஸ்டட் முறிந்தால் இரு பக்கத்து ஸ்டட்டுகளையும் மாற்றுவார்கள், ஏனென்றால் முறிந்ததன் சுமையையும் அவைதான் சுமந்திருக்கும்.

அடுத்த முறை சக்கரத்தை மாட்டும்போது முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருகச் சொல்லுங்கள். கடைசி இறுக்கத்தை டார்க் ரெஞ்சில், வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு வைக்கச் சொல்லுங்கள். நூறு கிலோமீட்டர் போவதற்குள் ஒருமுறை நட்டுகளைச் சரிபார்த்துவிடுங்கள்.